மூர்களின் நாடு: 711 முதல் 1492 வரை ஒரே பச்சையா?

செப்பேடு எழுதியது:

ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டையும் முழுசாகப் பச்சை அடித்து, மேலே "மூர் பேரரசு 711–1492" என்று தலைப்புப் போட்ட வரைபடம் ஒன்று குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெருமைப்பட்டுப் பகிர்கிறவரும் அதே படத்தைத்தான் அனுப்புகிறார், கொதித்துப்போய்ப் பகிர்கிறவரும் அதே படத்தைத்தான் அனுப்புகிறார். எனக்கு இரண்டு தரப்போடும் சண்டை இல்லை, படத்தோடுதான் சண்டை. அப்படி ஒரு பேரரசு இருந்ததே இல்லை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

711இல் தாரிக் இப்னு ஸியாத் என்ற முஸ்லிம் தளபதி ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்து வந்து, அப்போது ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்து அரசன் ரொடெரிக்கைத் தோற்கடித்தார். மறு ஆண்டே அவருக்கு மேலே இருந்த வட ஆப்பிரிக்க ஆளுநர் மூஸா இப்னு நுஸைர் இன்னொரு படையோடு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே தீபகற்பத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது, அது உண்மைதான். ஆனால் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பல ஊர்கள் போரில் விழவில்லை, பேச்சுவார்த்தையில்தான் கைமாறின. முர்சியா பக்கத்தில் தியோடமிர் என்ற விசிகோத் பிரபு 713இல் மூஸாவின் மகனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. பிரபு பிரபுவாகவே இருக்கலாம், தேவாலயங்களில் யாரும் கை வைக்க மாட்டார்கள், ஏழு ஊர்கள் அவர் பொறுப்பு. பதிலுக்கு அடிமையல்லாத ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1 தினார் கட்ட வேண்டும், அதோடு கோதுமை 4 அளவு, பார்லி 4 அளவு, திராட்சைச் சாறு 4, காடி 4, தேன் 2, எண்ணெய் 2. அடிமைக்குப் பாதி. இந்த ஏழு ஊர்களுக்கு என்ன நிறம் அடிப்பது?

750இல் டமாஸ்கஸிலிருந்து கலீபாக்களாக ஆண்ட உமையா வம்சத்தை அப்பாசிய வம்சத்தார் வேரறுத்தார்கள். தப்பி ஓடிய இளவரசன் அப்துர் ரஹ்மான் 756இல் கோர்தோபாவைப் பிடித்துக்கொண்டான். அன்று முதல் அப்பாசியர்களின் பேச்சு அங்கே எடுபடவில்லை. 929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னையே கலீபா என்று அறிவித்தார். நூறு ஆண்டு கழித்து, 1031இல், அந்த கலீபா பதவியே ஒழிந்து நாடு இருபதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகச் சிதறிப்போனது. அதன்பின் மொராக்கோவிலிருந்து வந்த முராபித்துகள் என்ற வம்சத்தார், அவர்களை வீழ்த்திவிட்டு வந்த முவஹ்ஹிதுகள் என்ற வம்சத்தார். 1212இல் லாஸ் நாவாஸ் தெ தொலோசாவில் முவஹ்ஹிதுகள் தோற்ற பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று: 1236இல் கோர்தோபா, 1238இல் வலென்சியா, 1248இல் செவில்யா. மிச்சம் கிரனாடா மட்டும். அதாவது அந்தப் படம் முழுப் பச்சையாகக் காட்டுகிற காலத்தில் கடைசி 244 ஆண்டுகள் தெற்கே ஒரு மலை மூலைதான் பச்சை. வடக்கே அஸ்தூரியாஸ் மலைத்தொடர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைநழுவியாயிற்று.


கொள்ளிடக்கரை எழுதியது:

அண்ணே, அடிப்படைக் கேள்வி ஒன்று கேட்டுவிடுகிறேன். மூர் என்றால் அரபியரா, ஆப்பிரிக்கரா? ஒரு காணொளியில் எல்லாரையும் கறுப்பின மக்கள் என்கிறார்கள், இன்னொன்றில் எல்லாரையும் அரபு ஷேக்குகள் மாதிரி காட்டுகிறார்கள்.


செப்பேடு எழுதியது:

அந்தப் பெயரை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவே இல்லை, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். ரோமானியர்கள் இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்தை மௌரிதானியா என்றார்கள். அந்தப் பழக்கத்தில் கிறிஸ்தவ ஐரோப்பா கடல் தாண்டி வந்த முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அரபியர், வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர்கள், சிரியப் படைவீரர்கள், இஸ்லாத்துக்கு மாறிய உள்ளூர்க்காரர்கள், ஐரோப்பாவிலிருந்து அடிமைகளாக வந்து பின்னாளில் அதிகாரிகளானவர்கள், சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பின வீரர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள்.

தாரிக்கின் படையில் பெரும்பாலோர் பெர்பர்கள். அடிபட்டது அவர்கள், ஆனால் நிலம் பிரிக்கும்போது நீர்வளமுள்ள குவாதல்கிவீர், எப்ரோ பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் அரபியர் கைக்குப் போயின, பெர்பர்களுக்கு நடுப் பீடபூமியும் மலைக்காடும். இதோடு வட ஆப்பிரிக்காவில் முஸ்லிமான பெர்பர்களிடமே வரி கறந்தார்கள், பெண்களை அடிமைகளாக அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். 740இல் மொராக்கோவில் கலகம் வெடித்தது, அடுத்த ஆண்டே ஸ்பெயினுக்கும் பரவியது. அதை அடக்க வந்த சிரியப் படை அடக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே பஞ்சமும் வந்ததால் வடமேற்கில் குடியிருந்த பெர்பர்கள் பலர் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். அஸ்தூரியாஸ் அரசு வளர்ந்தது அந்தக் காலி இடத்தில்தான். எல்லை முதன்முதலில் தெற்கே நகர்ந்ததற்குப் பெரிய காரணம் வடக்கின் வீரமல்ல, தெற்கின் உள்சண்டை.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றாம் அப்துர் ரஹ்மானின் பாட்டி, வடக்கே பாம்ப்லோனா என்ற கிறிஸ்தவ நாட்டின் அரச குடும்பத்து பாஸ்க் இனப் பெண். தாயும் வடக்கிலிருந்து வந்த அடிமைப் பெண். நீலக் கண், வெளிர் முடி. அரபுத் தோற்றம் வேண்டுமென்று முடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டாராம்.


மருதமுனை_மைந்தன் எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் அரசாங்கக் கணக்கெடுப்பில் மூர் என்ற பெயர்தான், தமிழில் சோனகர் என்போம். ஸ்பெயினுக்கும் எங்களுக்கும் இரத்த உறவு ஏதும் இல்லை. 1505இல் இங்கே வந்த போர்த்துக்கீசருக்கு ஊரில் தெரிந்த முஸ்லிம்கள் யாரோ, அவர்களின் பெயரையே இங்கே கண்ட முஸ்லிம்களுக்கும் ஒட்டிவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் ஸ்பானியர்களும் அதையே செய்தார்கள், அங்கே மோரோ. போர்த்துக்கல் தன் தெற்குக் கரையான அல்கார்வேயை 1249இல் முழுதாகக் கைப்பற்றியது, 1415இல் ஜலசந்தி தாண்டி செயூட்டாவைப் பிடித்தது, பின் ஆப்பிரிக்கக் கரையோரமாகவே இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சண்டையின் மனநிலையையும் கூடவே கப்பலில் ஏற்றி வந்தார்கள். அதன் பலனை எங்கள் ஆட்கள் அனுபவித்தார்கள். அதைப் பேசத் தனி இழை வேண்டும்.


நேர்கோடு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால் கடைசியில் "மூன்று மதமும் கைகோத்து வாழ்ந்த பொற்காலம்" என்று வந்து நிற்கும் போலிருக்கிறது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 850களில் கோர்தோபாவில் நபியைப் பழித்தார்கள் என்று கிறிஸ்தவர்கள் சுமார் 50 பேர் தலை வெட்டப்பட்டார்கள். கலீபாவை மூலையில் உட்கார வைத்துவிட்டு ஆட்சி செய்த அமைச்சர் அல்-மன்சூர் வடக்கே படையெடுப்புக்கு மேல் படையெடுப்பாக நடத்தினார், 985இல் பார்சலோனா எரிந்தது, 997இல் சந்தியாகோ என்ற தேவாலய நகரம். 1066இல் கிரனாடாவில் யூத அமைச்சரைக் கொன்று தொங்கவிட்டு யூதர்களைக் கூட்டமாக வெட்டினார்கள். முவஹ்ஹிதுகள் காலத்தில் கோர்தோபாவில் பிறந்த யூத அறிஞர் மைமோனிடெஸ் குடும்பத்தோடு ஓடி, கடைசியில் எகிப்தில் போய்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது. மற்ற மதத்தவர் வாழலாம், ஆனால் ஜிஸ்யா என்ற தனி வரியைக் கட்டிவிட்டு இரண்டாம்தரமாக வாழலாம். இதையும் சேர்த்துப் பேசினால்தான் பேச்சு.


செப்பேடு எழுதியது:

நீங்கள் சொன்ன சம்பவங்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் 1066இல் கொல்லப்பட்டவர் யார் என்று பாருங்கள். யூசுப் இப்னு நக்ரேலா. அவருடைய அப்பா சாமுவேல், ஹீப்ரு கவிஞர், கிரனாடாவின் தலைமை அமைச்சர், பல ஆண்டுகள் முஸ்லிம் அரசனின் படையோடு போர்க்களத்துக்குப் போய் அங்கிருந்தே ஹீப்ருவில் போர்ப் பாடல் எழுதியவர். சுமார் பத்து ஆண்டுக்கு முன் அப்பா படுக்கையில் கிடந்து இயற்கையாகச் செத்த அதே ஊரில்தான் மகனை வெட்டினார்கள். பொற்காலம் என்பவர் அப்பாவைக் காட்டுவார், இருண்ட காலம் என்பவர் மகனைக் காட்டுவார். எட்டு நூற்றாண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முயன்றால் இப்படித்தான் ஆகும்.

சந்தியாகோவைச் சொன்னீர்கள், அதன் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அல்-மன்சூர் அந்தத் தேவாலயத்தின் மணிகளைக் கழற்றிக் கிறிஸ்தவக் கைதிகள் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குச் சுமக்க வைத்தார். 1236இல் கோர்தோபாவைப் பிடித்த, வடக்கே காஸ்டில் நாட்டின் கிறிஸ்தவ அரசன் மூன்றாம் ஃபெர்டினாண்ட் அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். இடையில் 239 ஆண்டு. யாரும் மறக்கவில்லை.


மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்றைய அரசியலை இங்கே இழுக்க வேண்டாம். பதினோராம் நூற்றாண்டிலேயே வேண்டிய அளவு சண்டை இருக்கிறது.


யாழினி_வா எழுதியது:

எல்லை என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. வடக்கே லெயோன் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசன் சாஞ்சோ கதை தெரியுமா? மனிதருக்கு உடம்பு பெருத்துப் பெருத்துக் குதிரை ஏற முடியாத நிலை. 958இல் பிரபுக்கள் சேர்ந்து பதவியை விட்டே தூக்கிவிட்டார்கள். பாம்ப்லோனாவில் இருந்த அவருடைய பாட்டி தோதா அம்மையார் யாரிடம் போனார்? நேராகக் கோர்தோபா கலீபாவிடம். ஏனென்றால் கலீபா அவருக்கு மருமகன் முறை, மேலே செப்பேடு ஐயா சொன்ன பாஸ்க் பாட்டிதான் தோதாவின் தாய். கலீபாவின் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் கையில் பேரனை ஒப்படைத்தார்கள். உடம்பு இளைத்தது. சில கோட்டைகளைத் தருவதாகப் பேச்சு, பதிலுக்குக் கலீபாவின் படை போய் சாஞ்சோவைத் திரும்பவும் லெயோன் அரியணையில் உட்கார வைத்தது. ஒரு கிறிஸ்தவ அரசன், யூத வைத்தியர், முஸ்லிம் படை. பாட்டி இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது.

அதற்கும் முன்னால் எப்ரோ ஆற்றங்கரையில் பனூ காஸி என்றொரு குடும்பம். காசியஸ் என்ற விசிகோத் பிரபு மதம் மாறினான், அவன் வம்சம் இது என்பார்கள். அந்தக் குடும்பத்து மூஸா இப்னு மூஸாவும் பாம்ப்லோனாவின் முதல் அரசன் இன்யிகோ அரிஸ்தாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கோர்தோபாவிலிருந்து படை வந்தால் இருவரும் சேர்ந்து அடிப்பார்கள். மூஸாவை "ஸ்பெயினின் மூன்றாவது அரசன்" என்று சொல்லிக்கொண்டார்களாம். இவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?


செப்பேடு எழுதியது:

அருமை. யாழினி சொன்னதோடு இதையும் வையுங்கள். கோர்தோபாவுக்குப் பக்கத்திலேயே, மலாகா மலையில் பொபாஸ்த்ரோ கோட்டையை வைத்துக்கொண்டு உமர் இப்னு ஹஃப்ஸூன் என்பவர் ஏறத்தாழ 880 முதல் சாகும்வரை கோர்தோபாவை ஆண்ட எமிர்களுக்குத் தண்ணி காட்டினார். முஸ்லிமாகப் பிறந்தவர், நடுவில் கிறிஸ்தவராக மாறிவிட்டார். மகன்கள் தொடர்ந்தார்கள். பொபாஸ்த்ரோ விழுந்தது 928இல். கலீபா பட்டம் சூட்டிக்கொண்டது 929இல். தன் வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் அந்தப் பட்டத்துக்கே துணிவு வந்தது.

1031க்குப் பிறகு வந்த தாயிஃபா சிற்றரசுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அங்கே எந்தப் பக்கமும் கொள்கை பேசுவதில்லை, காசுதான் பேசுகிறது. செவில்யா, டொலேடோ, சரகோசா, பதஹோஸ், கிரனாடா, வலென்சியா, தேனியா, அல்மேரியா என்று ஊருக்கு ஒரு அரசன், ஒவ்வொருவன் அவையிலும் கவிஞர் கூட்டம். ஒருவனை ஒருவன் விழுங்கப் பார்த்தான். விழுங்கப்படாமல் இருக்க வடக்கே உள்ள கிறிஸ்தவ அரசனுக்கு ஆண்டுதோறும் தங்கம் கட்டினான், பாரியா என்று பெயர். வடக்கத்து அரசர்களுக்கு ஊரைப் பிடிப்பதைவிட ஊரைப் பிடிக்காமல் இருப்பதில் வருமானம் அதிகம். அந்தத் தங்கத்தில்தான் காஸ்டில் படை கட்டியது, பிரான்ஸில் இருந்த க்ளூனி மடத்துக்கே அதில் பங்கு போயிற்று.

எல் சித் என்று ஸ்பெயினின் தேசிய வீரன் ஒருவன், சொந்த அரசன், காஸ்டிலின் ஆறாம் அல்ஃபோன்சோ நாடு கடத்தியதும் போய்ச் சேர்ந்தது சரகோசாவின் முஸ்லிம் அரசனிடம். அவனுக்காகக் கிறிஸ்தவ பார்சலோனா பிரபுவைத் தோற்கடித்துச் சிறை பிடித்தான். பின்னால் 1094இல் வலென்சியாவைப் பிடித்ததும் தனக்காகத்தான்.

1085இல் அல்ஃபோன்சோ டொலேடோவையே எடுத்துக்கொண்டதும் தாயிஃபா அரசர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காசு கொடுத்தும் பயனில்லை என்றால் என்ன செய்வது? செவில்யாவின் அல்-முஃதமித், நல்ல கவிஞர், மொராக்கோவின் முராபித்து அரசன் யூசுப் இப்னு தாஷ்ஃபீனை உதவிக்கு அழைத்தார். மகன் தடுத்தபோது "காஸ்டிலில் பன்றி மேய்ப்பதைவிட மொராக்கோவில் ஒட்டகம் மேய்ப்பது மேல்" என்றாராம். 1086இல் ஸல்லாகாவில் அல்ஃபோன்சோவுக்குச் செம அடி. ஆனால் யூசுப் அந்த அரசர்களின் ஆடம்பரத்தையும் வரியையும் பார்த்து முகம் சுளித்துவிட்டு, திரும்பி வந்து ஒவ்வொருவராகப் பதவி இறக்கினார். 1091இல் செவில்யா போயிற்று. அல்-முஃதமித் மராகேஷுக்குப் பக்கத்தில் அக்மாத்தில் காவலில் கிடந்து, வறுமையில் 1095இல் இறந்தார். அவர் கடைசியில் எழுதிய கவிதைகள்தான் இன்று அதிகம் படிக்கப்படுகின்றன.

இதற்கு ஒரு வால் இருக்கிறது. அல்-முஃதமித்தின் மருமகள் ஸைதா தப்பிப்போய் அல்ஃபோன்சோவிடம் அடைக்கலமானாள், அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். காஸ்டில் பட்டத்துக்கு அவனைத்தான் வாரிசாக்கினார் அல்ஃபோன்சோ. 1108இல் உக்லேஸில் முராபித்துகளோடு சண்டையிட்டு அந்தப் பையன் செத்தான். செத்திராவிட்டால் டொலேடோவில் ஒரு முஸ்லிம் தாயின் மகன் கிறிஸ்தவ அரசனாக உட்கார்ந்திருப்பான்.


நேர்கோடு எழுதியது:

இது நல்ல தகவல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முராபித்துகள் காலத்திலாவது அது பேரரசுதானே? செனகல் ஆற்றுப் பக்கத்திலிருந்து எப்ரோ வரைக்கும்.


செப்பேடு எழுதியது:

ஆமாம், அதைப் பேரரசு என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தலைநகரம் மராகேஷ், படை சகாராவின் ஸன்ஹாஜா பெர்பர்கள், பணம் பாலைவனம் தாண்டி வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம். ஸ்பெயின் அதில் ஒரு மாகாணம். "ஸ்பெயினை ஆண்ட மூர்கள்" என்று நாம் சொல்லும்போது கோர்தோபாவை நடுவில் வைத்துக்கொண்டு நினைக்கிறோம், யூசுப்பின் கணக்கில் அது வடகோடி.

அந்தத் தங்க நாணயம் எவ்வளவு செல்வாக்காக இருந்தது என்றால், முராபித்துகள் வீழ்ந்து சரக்கு வருவது நின்றதும் காஸ்டிலின் எட்டாம் அல்ஃபோன்சோ 1170களில் டொலேடோவில் தானே அதே மாதிரி அச்சடிக்க ஆரம்பித்தார். அரபு எழுத்திலேயே. சிலுவை ஒன்றைச் சேர்த்துவிட்டு, போப்பாண்டவரைக் கிறிஸ்தவ சபையின் இமாம் என்றும், தன்னைக் கத்தோலிக்கர்களின் எமிர் என்றும் அதில் பொறித்துக்கொண்டார். சந்தையில் யாரும் வேறு நாணயத்தை நம்பவில்லை, அவ்வளவுதான். இதே ஆள்தான் 1212இல் முவஹ்ஹிதுகளைத் தோற்கடித்தவர்.


வாய்க்கால்_பொறியாளர் எழுதியது:

ஓய்வு பெற்ற பாசனத் துறை ஆள் நான். அரசர்கள் கதை போதும், தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லையே.

வலென்சியாவில் துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது. இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்கு வெளியே, வாய்க்காலுக்கு ஒருவராக எட்டுப் பேர் கறுப்பு மேலங்கியோடு வட்டமாக உட்காருவார்கள். வக்கீல்கள் இல்லை, எல்லாரும் விவசாயிகள், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்கால் பெயராகச் சொல்லி, யார் மேலாவது புகார் உண்டா என்று கூப்பிடுவார். முறை தவறி மடையைத் திறந்தவன், அடுத்தவன் வயலில் தண்ணீர் பெருக விட்டவன், வாய்க்காலைத் தூர்வாராதவன், இப்படிப்பட்ட வழக்குகள். எல்லாம் வாய்மொழி. இரு தரப்பையும் கேட்டு அங்கேயே தீர்ப்பு. பல வாரங்களில் யாருமே வர மாட்டார்கள், சபை கலைந்துவிடும். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதை 960இல் கலீபா காலத்தில் தொடங்கினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள், அந்த ஆண்டுக்கு ஆதாரம் பலமில்லை. ஆனால் 1238இல் ஊரைப் பிடித்த அரகோன் அரசன் ஜவுமே செய்ததுதான் எனக்கு முக்கியம். நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், தண்ணீரை மட்டும் "சாரசேனர்கள் (அதாவது முஸ்லிம்கள்) காலத்தில் எப்படி நடந்ததோ அப்படியே" பயன்படுத்த வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவைத்தார். மதத்தை மாற்றலாம், மடை முறையை ஒரு பருவம் மாற்றினால் பட்டினிதான், அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நெல், கரும்பு, கத்தரிக்காய், நாரத்தை வகைகள், எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பிப் போட்ட பயிர்கள். கோடைப் பயிர் என்பதே ரோமானியர் காலத்து ஸ்பெயினில் பெரிதாக இல்லை. ரோமானியரும் கால்வாய் வெட்டினார்கள்தான், ஆனால் முறைப்பங்கீடு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது இவர்கள். அதையும் பெரிய அரசு ஒன்று மேலிருந்து செய்யவில்லை, ஊர் ஊராகக் குலம் குலமாகச் செய்துகொண்டார்கள் என்பதே இப்போது பலர் ஏற்கும் கருத்து.


கொள்ளிடக்கரை எழுதியது:

ஐயா, இந்தப் பதிவுக்காகவே இழையைப் பின்தொடர்கிறேன். 1248க்குப் பிறகு கிரனாடா மட்டும் எப்படித் தாங்கியது? சுற்றிலும் பகைவர்கள்தானே?


யாழினி_வா எழுதியது:

தாங்கியதே பகைவனுக்கு வேலை செய்துதான். வம்சத்தைத் தொடங்கிய இப்னுல் அஹ்மர் 1246இல் ஃபெர்டினாண்டுக்குக் கப்பம் கட்டச் சம்மதித்தார், 1248இல் செவில்யா முற்றுகையில் முஸ்லிம்களுக்கு எதிராகவே தன் குதிரைப்படையை அனுப்பினார். வீடு திரும்பியபோது மக்கள் வெற்றிவீரன் என்று கூவியதற்கு "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை" என்று பதில் சொன்னதாகக் கதை. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களில் திரும்பத் திரும்பச் செதுக்கியிருப்பது அந்த வாசகம்தான். மலைகள் அரண், ஜெனோவா வணிகர்கள் பட்டு வாங்கினார்கள், ஆபத்து என்றால் மொராக்கோவில் ஃபெஸ் நகரத்திலிருந்து ஆண்ட மரீனிதுகளைக் கூப்பிடலாம், மரீனிதுகள் மிஞ்சினால் காஸ்டிலோடு சேர்ந்துகொள்ளலாம். 250 ஆண்டு இந்தக் கயிற்றின் மேல்தான் நடந்தார்கள்.

இப்போது வேடிக்கை. செவில்யாவில் காஸ்டில் அரசன் பெத்ரோ 1364இல் கட்டிய அரண்மனை இருக்கிறது. நண்பனான கிரனாடா அரசன் ஐந்தாம் முஹம்மதின் கைவினைஞர்களும் அதில் வேலை செய்தார்கள். முகப்பில் நீல ஓட்டில் அதே "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை", அதைச் சுற்றி லத்தீன் எழுத்தில் பெத்ரோவின் பெயர். உள்ளே அவரை அரபியில் சுல்தான் என்றே புகழ்ந்திருக்கிறார்கள். அதே ஆண்டு கிரனாடாவின் தூதராக அங்கே வந்தவர் இப்னு கல்தூன், வரலாற்றை ஆராய்வதற்கே முறை வகுத்த அந்த மேதை. அவர் குடும்பமே செவில்யாக் குடும்பம், ஊர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி துனிஸ் போய்ச் சேர்ந்தவர்கள். பெத்ரோ அவரிடம், இங்கேயே தங்கிவிடு, உன் முன்னோர் சொத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். இப்னு கல்தூன் மரியாதையாக மறுத்துவிட்டு ஊர் திரும்பினார்.


மருதமுனை_மைந்தன் எழுதியது:

ஸ்பெயினுக்கு வெளியே இருந்த இடங்களையும் சேர்க்க வேண்டும். 818இல் கோர்தோபாவின் புறநகரில் கலகம் செய்தவர்களை எமிர் விரட்டியபோது ஒரு கூட்டம் ஃபெஸ் போய் அந்தலூஸ் கரை என்ற பகுதியை உண்டாக்கியது (அந்தலூஸ் என்பது முஸ்லிம் ஸ்பெயினின் பெயர்). இன்னொரு கூட்டம் அலெக்ஸாண்ட்ரியா போய் அங்கிருந்தும் விரட்டப்பட்டு, 820களில் பைசாந்தியரிடமிருந்து கிரீட் தீவையே பிடித்துக்கொண்டது. 961 வரை வைத்திருந்தார்கள். இன்னும் சிலர் பிரான்ஸின் தென்கரையில் ஃப்ராக்ஸினேதம் என்ற மலைக்கோட்டையில் இருந்துகொண்டு ஆல்ப்ஸ் கணவாய்களில் வழிமறித்தார்கள். 972இல் க்ளூனி மடத்துத் தலைவரையே பிடித்துப் பணயத் தொகை வாங்கியதுதான் கடைசித் தப்பு, உள்ளூர்ப் பிரபுக்கள் சேர்ந்து துடைத்துவிட்டார்கள். சிசிலி தனிக் கதை, அது துனிசியாவின் அக்லபிதுகள் 827இல் இறங்கிய இடம், கோர்தோபாவுக்குச் சம்பந்தமில்லை.


நேர்கோடு எழுதியது:

1492க்குப் பிறகு? கிரனாடா சரணடைந்தபோது மதச் சுதந்திரம் எழுதிக்கொடுத்தார்களே.


செப்பேடு எழுதியது:

எழுதிக்கொடுத்தார்கள். 1491 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மசூதி, காழி (நீதிபதி), வழக்கு எல்லாம் அவர்களுக்கே என்று இருந்தது. எட்டே ஆண்டு தாங்கியது. 1499இல் பேராயர் சிஸ்னெரோஸ் வந்து கட்டாய ஞானஸ்நானம் தொடங்கினார், கிரனாடா சதுக்கத்தில் அரபு நூல்கள் எரிந்தன, மருத்துவ நூல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். 1502இல் காஸ்டில் முழுவதும் மாறு அல்லது வெளியேறு. 1526க்குள் அரகோனிலும் அதே. 1567இல் அரபு மொழி, உடை, பொதுக் குளியலறை எல்லாவற்றுக்கும் தடை, அதனால் அல்புஹாராஸ் மலையில் 1568இலிருந்து மூன்று ஆண்டு கலகம். கடைசியில் 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள், அதாவது இப்படி மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழியினர், ஏறத்தாழ 3 லட்சம் பேரைக் கப்பலேற்றிவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான், கவனியுங்கள்.

நம் ஆட்களுக்குப் பழகிய ஒன்று இதில் உண்டு. அரபி பேசவே மறந்துபோன மொரிஸ்கோக்கள் தொழுகை முறையையும் நபிமார் கதைகளையும் ஸ்பானிய மொழியில், ஆனால் அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மாதிரியே. வேறுபாடு என்னவென்றால் அர்வியை யாரும் ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை. 1884இல் அரகோனில் அல்மோனஸித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் துணி சுற்றிய கையெழுத்துப் படிகள் வந்தன. என்னவென்று தெரியாமல் சிலவற்றைப் பாழாக்கிவிட்டார்கள், மற்றவை காப்பாற்றப்பட்டன.


கொள்ளிடக்கரை எழுதியது:

அந்த 3 லட்சம் பேர் எங்கே போனார்கள் அண்ணே?


மருதமுனை_மைந்தன் எழுதியது:

நான் சொல்கிறேன். பெரும்பாலோர் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா. துனிசியாவில் தெஸ்தூர் என்ற ஊரே அவர்கள் கட்டியது. ஆனால் போன இடத்திலும் எல்லாரும் வரவேற்கவில்லை, ஸ்பானிய மொழி பேசிக்கொண்டு ஸ்பானிய உடையில் இறங்கியவர்களை அரைக் கிறிஸ்தவர் என்றார்கள், வழியில் கொள்ளையடிக்கப்பட்டவர்களும் உண்டு.

எஸ்த்ரெமாதுராவின் ஓர்னாச்சோஸ் ஊர்க்காரர்கள் வசதியானவர்கள். அவர்கள் ராபாத் கோட்டையில் குடியேறி, மொராக்கோ சுல்தானுக்கும் கட்டுப்படாமல் 1627இல் சாலே குடியரசு என்று தனியாக நின்றார்கள். தொழில் கடற்கொள்ளை, முதல் இலக்கு ஸ்பானியக் கப்பல்கள், இங்கிலாந்துக் கரை வரைக்கும் போனார்கள். அதே ஆட்கள் 1631இல் ஸ்பெயின் அரசன் நான்காம் ஃபிலிப்புக்கு ஒரு திட்டம் அனுப்பினார்கள்: கோட்டையை உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறோம், எங்களை ஓர்னாச்சோஸுக்குத் திரும்ப விடுங்கள். மாட்ரிட் அதை ஏற்கவில்லை.